மங்களம் கொடுத்த வேர்க்கடலை

மங்களம் பரிமாறும் பந்தியில் முதல் இலைக்காரர் பாடு திண்டாட்டம்தான். கடைசி இலைக்கும் வடை வந்து சேராமல் யாரும் சோற்றில் கை வைக்க முடியாது. "இருங்க, அந்தாண்ட இன்னும் வரல" என்று அவள் வாளியோடு நடுவில் நின்றுவிட்டால், மாப்பிள்ளையின் சித்தப்பாவாக இருந்தாலும் கையை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நீலசந்திராவில் அவள் தெருவில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனவர்களும் இதைச் சொல்வார்கள். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டு அப்பளமும் பெண் வீட்டாருக்கு ஒன்றுமாக வைத்துக்கொண்டே வந்த சமையல்காரரை நடுப் பந்தியில் நிறுத்தி, "உங்க வீட்டு அடுப்புல பொரிச்சதா இது?" என்று கேட்டுவிட்டாள். சமையல்காரர் திரும்பிப் போய் அப்பளம் பொரித்துக்கொண்டு வந்தார். ஓரவஞ்சனை என்றால் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

இந்தக் குணம் அவளுக்கு நல்ல பெயரையும் வாங்கிக் கொடுத்தது, வம்பையும் இழுத்து வந்தது. வந்த வம்புகளிலேயே பெரியது எலிகளால் வந்தது. சிரிக்க வேண்டாம், கேளுங்கள்.

மங்களத்தின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து தண்டுக்கு, பட்டாளம் தங்கியிருந்த பகுதிக்கு, வேலைக்கு வந்தவர். பௌத்தக் குடும்பம். பௌர்ணமிக்கு விகாரத்துக்குப் போய் விளக்கேற்றுவது, வெள்ளைச் சேலை கட்டுவது, உயிரைக் கொல்லாமல் இருப்பது எல்லாம் அவளுக்குப் பால்குடியிலிருந்து வந்த பழக்கம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். ஊதுவத்தி உருட்டினாள், கார்மெண்ட்ஸில் பொத்தான் தைத்தாள். கடைசியில் பன்னேர்கட்டா ரோட்டுப் பக்கம் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு நிறுவனத்தில், எலிகள் வளர்க்கும் கூடத்தில், காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். கூண்டுகளைக் கழுவ வேண்டும், அதில் பரப்பிய உமியை மாற்ற வேண்டும், தண்ணீர் பாட்டிலை நிரப்ப வேண்டும், தீனி போட வேண்டும்.

சேர்ந்த அன்றைக்கே அவள் கூடத்தின் பொறுப்பாளர் பத்ரிநாத்திடம் போய் நின்றாள். "சார், சோறு போடுற வேலை, கழுவுற வேலை எதுன்னாலும் குடுங்க. கொல்லுற வேலை மட்டும் எனக்கு வேணாம்." பத்ரிநாத் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அது உங்க வேலையே இல்லம்மா, அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க" என்றார். அந்தக் கூடத்துக்குள் வந்த எலி எதுவும் உயிரோடு வெளியே போகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வேலையை விடவில்லை. இருக்கிற வரைக்கும் ஒழுங்காகச் சோறு போட ஒரு ஆள் வேண்டாமா என்பது அவள் கட்சி. பௌர்ணமிக்கு விகாரத்தில் எலிகளுக்காக ஒரு விளக்கு அதிகமாக ஏற்றுவாள்.

அவள் புருஷன் உத்தமன் பெயிண்ட் அடிப்பவன். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி எழும்பிய அடுக்குமாடிகளில் பாதிக்கு அவன் கை பட்டிருக்கும். சாரத்தில் ஏறி நின்று ரோலரை இழுத்தால் கோடு தெரியாமல் இழுப்பான். பேச்சு அதைவிட வழுக்கிக்கொண்டு போகும். எதிர்வீட்டில் இருக்கும் அவன் அக்கா சின்னத்தாயியும் அவனும் பேச ஆரம்பித்தால் நடுவில் ஒரு ஈ நுழைய முடியாது.

ஒரு நாள் சந்தாபுராவில் வேலை நடந்த இடத்தில், டீக்கடை வாசலில் நின்றிருந்தபோது அவன் வலது கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது. கடைக்காரர் பதறினார். உத்தமன் "பரவால்ல" என்றான். அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். வெயில் மயக்கம் என்று நினைத்துக் கூட இருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, நிழலில் படுக்க வைத்துவிட்டார்கள். பிறகு ஆட்டோ பிடித்து, ஓசூர் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுகிற நேரம் தாண்டியிருந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். உயிர் தங்கியது, கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வலது கை வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. பசித்தாலும் பரவால்ல, வலித்தாலும் பரவால்ல, கோபம் வந்தாலும் பரவால்ல. டீக்கடை வாசலில் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவனோடேயே தங்கிவிட்டது.

அந்தக் கை வர வேண்டும். மங்களத்துக்கு அதற்குப் பிறகு வேறு வேண்டுதலே இல்லை.

சின்னத்தாயி ஒரு நாள் துணிப்பையில் ஒரு புறாவைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சிவாஜிநகர் மார்க்கெட்டில் வாங்கியது. பக்கவாதத்துக்குப் புறா ரத்தத்தைச் சூடாகத் தேய்த்தால் கை எழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மங்களம் பையை வாங்கினாள், மாடிக்குப் போனாள், வெறும் பையோடு இறங்கி வந்தாள்.

"எங்கடி புறா?"

"பறந்துடுச்சி அண்ணி."

"பறந்துடுச்சா, நீ பறக்க வுட்டியா?"

"அதோட ரெண்டு றெக்கையைப் புடுங்கி இவருக்கு ஒரு கை வரணுமா? அப்படி வர்ற கை எங்களுக்கு வேணாம் அண்ணி."

சின்னத்தாயி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மங்களத்தின் வீம்பைப் பற்றித் தெருவே பேசியது. பேசட்டும். கொள்கை என்று எல்லோரும்தான் சொல்கிறோம். ஆஸ்பத்திரியும் மருந்தும் கைவிட்டது போல இருக்கிற நேரத்தில் கையில் கிடைத்த புறாவை விடுவதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். அது அவளிடம் இருந்தது.

ஆனால் இதே மங்களம் வீட்டில் ஒரு பெரிய தப்பைச் செய்துகொண்டிருந்தாள். தப்பு என்று தெரியாமல் செய்ததுகூட இல்லை. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் உத்தமனுக்குக் கைப் பயிற்சி கொடுக்கும் மமதா முதல் நாளே சொல்லிவிட்டாள். "அக்கா, அந்தக் கையாலயே எடுக்க வுடுங்க. சிந்தினா சிந்தட்டும். நீங்க செஞ்சுக் குடுத்தீங்கன்னா அது அப்படியே படுத்துக்கும்." மங்களம் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து தட்டை வைத்தாள். விரல்கள் சோற்றில் புரண்டன, மேலே வரவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான், தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். "பாவம், நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. காலையில் இட்லியை அவள் ஊட்டினாள், மத்தியானம் சின்னத்தாயி ஊட்டினாள், ராத்திரி மறுபடி அவள். தலை சீவுவது, சட்டை மாட்டுவது, மூஞ்சி கழுவுவது எல்லாம் அவள்தான். நம் ஜனங்களின் அன்பு இருக்கிறதே, அது வாய் வழியாகத்தான் உள்ளே போகும். உருட்டி உருட்டிக் கொடுத்தால்தான் கொடுத்தவளுக்கும் தூக்கம் வரும். உத்தமன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது.

இந்த நிலையில்தான் ரக்ஷிதா என்ற ஆராய்ச்சி மாணவி தன் எலிகளோடு மங்களத்தின் அறைக்கு வந்தாள். கோலார்ப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ் என்று வளர்ந்தவள். மங்களத்தை "மங்களக்கா" என்பாள். அவளுடைய எலிகளுக்கு மயக்கம் கொடுத்து, மூளையில் ஒரு சின்ன இடத்துக்கு மட்டும் ரத்தம் போகாமல் செய்திருந்தார்கள். மயக்கம் தெளிந்த எலி ஒன்று முன்னங்காலில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு உமியில் இழுத்து இழுத்து நடந்தது. மங்களம் தண்ணீர் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

ரக்ஷிதாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மங்களத்தின் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் கூண்டில் மாட்டினாள். அன்றைக்கு டீ நேரத்தில் அவளாகவே மங்களத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் என்ன செய்கிறோம் என்று சொன்னாள்.

"ஸ்ட்ரோக் வந்த எடம் செத்துப் போயிடுது அக்கா. அது திரும்ப வராது. ஆனா அதைச் சுத்தி இருக்கிற செல்லுங்க உயிரோடதான் இருக்கு. ஒவ்வொரு செல்லு மேலயும் ரிசெப்டர்னு ஒண்ணு இருக்கும். பக்கத்து செல்லு அனுப்புற சேதிய வாங்கிக்கிறது அதுதான். சில ரிசெப்டர் 'வேலை செய்'னு சேதி வாங்கும், சிலது 'சும்மா இரு'ன்னு வாங்கும். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இந்த 'சும்மா இரு' ரிசெப்டர் சிலது ஜாஸ்தி ஆகுதுன்னு நாங்க நெனைக்கிறோம். மொதல்ல அது நல்லதுதான், அடிபட்ட எடம் கொஞ்சம் அமைதியா இருக்கணும்ல. ஆனா ரொம்ப நாள் அப்படியே இருந்தா கை வராது."

"அது ஏன் ஜாஸ்தி ஆவுது?"

"ரிசெப்டரைச் செய்யச் சொல்லி உத்தரவு குடுக்கிறது ஜீன். சமையல்காரருக்கு எல்லாச் சமையலும் தெரியும்ல, ஆனா அன்னைக்கு என்ன ஆர்டரோ அதைத்தான அடுப்புல வெப்பாரு? அந்த மாதிரி. எல்லா ஜீனும் செல்லுக்குள்ளயே இருக்கு. எது எவ்ளோ வேலை செய்யுதுங்கிறது மாறும். ஸ்ட்ரோக் வந்தா மாறும். கைக்குப் பயிற்சி குடுத்தா திரும்ப மாறுமான்னுதான் நான் பாக்கறேன்."

மங்களம் டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். செத்த இடத்தைச் சுற்றி உயிரோடு இருக்கிறது என்ற ஒரு சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் உத்தமனின் தலையைத் தடவி, "உள்ள எல்லாம் உசுரோடதான் கீதாம்யா" என்றாள். அவன் "பரவால்ல" என்றான். சந்தோஷத்தில் அன்றைக்கு அவனுக்கு இன்னும் இரண்டு கவளம் அதிகமாக ஊட்டினாள்.

ரக்ஷிதாவின் எலிகள் அலமாரியில் இரண்டு வரிசையாக இருந்தன. மேல் வரிசைக்குப் பயிற்சி. தினமும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவார்கள். சின்னப் பிளவு வழியாகக் கையை நீட்டினால் ஒரு இனிப்பு உருண்டை கிடைக்கும். கீழ் வரிசைக்குப் பயிற்சி கிடையாது, சும்மா இருக்க வேண்டும். இரண்டு வரிசைக்கும் நல்ல கையை மறைத்துத் துணியில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கை வெளியே வராது. எதையாவது எட்டி எடுக்க வேண்டுமென்றால் அடிபட்ட கையால்தான் எடுக்க வேண்டும். பயிற்சியைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு வரிசைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

மங்களத்தின் கண்ணில் பட்டது வேறு.

"மேல் பந்திக்கு ஸ்வீட்டு, கீழ்ப் பந்திக்கு வெறும் தீனியா?"

ரக்ஷிதா சிரித்துவிட்டாள். "அதுதான் அக்கா எக்ஸ்பெரிமெண்ட்."

மங்களம் வாயை மூடிக்கொண்டாள். மனசு மூடிக்கொள்ளவில்லை. மேலே இருப்பவை இனிப்பைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு வருகின்றன. கீழே இருப்பவை வாசனை பிடித்துக்கொண்டு மூக்கை ஆட்டுகின்றன. எல்லாமே கை விழுந்த ஜீவன்கள், எல்லாமே சாகப் போகிறவை. ஒரே பந்தியில் இப்படி ஒரு வஞ்சனை நடக்க, அவள் வாளியோடு பார்த்துக்கொண்டு நிற்பதா?

ஆடுகோடி சிக்னல் அருகில் தள்ளுவண்டியில் வறுத்த வேர்க்கடலை வாங்கினாள். வெளித் தீனி கூடாது என்று கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது. அழுக்குத் தீனியால் நோய் வரும் என்பதற்காகத்தான் அந்த விதி என்று அவள் நினைத்தாள். அதனால் வீட்டில் தோல் உரித்துச் சுத்தமாக டப்பாவில் போட்டுக்கொண்டாள். கீழ் வரிசைக் கூண்டுகளின் கம்பி மூடி மேல் ஒவ்வொரு பருப்பாக வைத்தாள். எலிகள் பின்னங்காலில் எழுந்து நின்று, சட்டைக்கு வெளியே இருந்த ஒற்றைக் கையைக் கம்பி இடுக்கில் நீட்டின. முதலில் கை வளைந்து விழுந்தது. "இன்னும் கொஞ்சம் ராசா, வா, வா" என்று இவள் மெல்லச் சொல்லுவாள். சில நாளில் கை கம்பியைத் தொட்டது. பிறகு பருப்பை உருட்டியது. ஒரு காலை, கடைசிக் கூண்டு எலி பருப்பை இழுத்து வாயில் போட்டுக்கொண்டபோது மங்களம் யாருமில்லாத அறையில் கை தட்டினாள்.

அப்புறம் ஒரு நாள் கூண்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. அவள் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். அடுத்த பௌர்ணமிக்கு ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினாள். அவளைப் பொறுத்தவரை அந்த விஷயம் முடிந்துவிட்டது.

முடியவில்லை. ஒரு மத்தியானம் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் ரக்ஷிதா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா புள்ள, மொகமே சரியில்ல?"

"ரிசல்ட் வந்துடுச்சு அக்கா. அடிபட்ட எடத்தைச் சுத்தி இருக்கிறதை எடுத்து, அந்த 'சும்மா இரு' ஜீன் எவ்ளோ வேலை செஞ்சிருக்குன்னு மெஷின்ல போட்டுப் பாத்தோம். மேல் வரிசையில கொறைஞ்சிருக்கு. அது நான் எதிர்பாத்ததுதான். ஆனா கீழ் வரிசையிலயும் அதே மாதிரி கொறைஞ்சிருக்கு. அதுங்க கையும் நல்லாவே வேலை செஞ்சுது. பயிற்சி குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான்னு எழுத வேண்டியதுதான்."

இதைக் கேட்டதும் மங்களத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வந்தது. பயிற்சியால் ஒன்றும் இல்லையென்றால், தான் ஊட்டியது தப்பில்லை. மமதா சொன்னதைக் கேட்காமல் விட்டதற்காக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது. டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

இரண்டாவது வாய் உள்ளே இறங்கவில்லை. கீழ் வரிசை சும்மாவா இருந்தது?

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். வேலை போனால் இ.எஸ்.ஐ. போகும், இ.எஸ்.ஐ. போனால் உத்தமனின் கைக்கு இருக்கிற ஒரே வைத்தியமும் போகும். இத்தனையும் ஒரு நிமிஷத்தில் அவள் தலைக்குள் ஓடியது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஓடியது. பயிற்சி வீண் என்று இந்தப் பெண் எழுதுவாள், அதை யாராவது படிப்பார்கள், எங்கேயோ ஒருவன் கை மடியிலேயே கிடக்கும்.

"அதுங்க சும்மா இல்ல புள்ள" என்றாள். "நான் கடலை குடுத்தேன்."

ரக்ஷிதாவுக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டாள். "என்ன அக்கா இது? ஒரு வருஷ வேலை. போகட்டும், என் வேலையை வுடுங்க. எத்தனை உசுரு அக்கா? எல்லாம் வேஸ்ட்டா?"

அந்த இடத்தில்தான் மங்களம் உடைந்தாள். வேலை போகுமே என்று அவள் அழவில்லை. புறாவைப் பறக்கவிட்டவள், அத்தனை எலிகளின் சாவையும் தன் கையால் வீணாக்கிவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரக்ஷிதா கொஞ்ச தூரம் நடந்து போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எப்படிக் குடுத்தீங்க? சொல்ப, கொஞ்சம் செஞ்சு காட்டுங்க."

மங்களம் ஒரு கையைக் கம்பி மூடியாகப் பிடித்து, மறு கையால் பருப்பை வைத்துக் காட்டினாள். எலி எழுந்து நின்றது, கை நீட்டியது, விழுந்தது, மறுபடி நீட்டியது எல்லாவற்றையும் காட்டினாள். ரக்ஷிதாவின் முகம் மெல்ல மாறியது.

"நீங்க அதுங்களுக்கும் பயிற்சிதான் குடுத்திருக்கீங்க அக்கா. கீழ் வரிசையும் மேல் வரிசை ஆயிடுச்சு. வாயில ஊட்டியிருந்தீங்கன்னா இது நடந்திருக்காதுன்னு நெனைக்கிறேன். நீங்க எட்டி எடுக்க வெச்சீங்க."

மங்களத்தின் அழுகை நின்றது.

"வீட்டுல அவருக்கு நான் ஊட்டிக்கினு கீறேன் புள்ள" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து. மமதா மேடம் சொன்னாங்க, ஊட்டாதீங்கன்னு. நான்தான் கேக்கல. எலியை எட்டி எடுன்னு சொன்னவ, அவரைச் சொல்லல."

ரக்ஷிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எலிக்கு நடந்ததெல்லாம் மனுஷனுக்கும் நடக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, இதை இன்னும் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், மமதா என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். மங்களம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். இந்தத் தடவை நிஜமாகவே ஆட்டினாள்.

பத்ரிநாத்திடம் அவளே போய்ச் சொன்னாள். ரக்ஷிதா கூட வருகிறேன் என்றதற்கு, "தப்பு என்னுது, வாயும் என்கிட்டதான் கீது" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். பத்ரிநாத் கத்தினார், கத்த வேண்டியதுதான். ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறவர்கள் நடுவில் இவளாவது வந்து சொன்னாளே என்று ரக்ஷிதாவும் அவளுடைய பேராசிரியரும் பேசினார்கள். வேலை தப்பியது. ஆனால் எலிகள் இருக்கும் அறைக்குள் இனிமேல் போகக் கூடாது, கூண்டு கழுவும் பக்கம்தான் என்று மாற்றிவிட்டார்கள். ரக்ஷிதா எல்லாவற்றையும் புது எலிகளோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புது எலிகளின் கூண்டுகளும் ஒரு நாள் காலியாகக் கழுவ வரும் என்பது மங்களத்துக்குத் தெரியும். அந்தக் கணக்கு அவள் தலையில்தான். அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளும் யாரிடமும் சமாதானம் தேடிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் போர் தொடங்கினாள். மமதாவிடம் போய் முதலில் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு வேளையில் உத்தமனின் இடது கைக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டினாள். தட்டை முன்னால் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வெளியே விட்டால் அவை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

உத்தமன் வாயைத் திறந்தான். அவள் அசையவில்லை. அவன் "பரவால்ல" என்று கெஞ்சினான். அவள் சுவரைப் பார்த்தாள். வலது கை தட்டின் விளிம்பு வரை ஊர்ந்து வந்து அங்கேயே படுத்துக்கொண்டது. கடைசியில் ஒரு டம்ளர் கஞ்சியை அவன் வாயில் பிடித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதாள். மறு வேளையும் அதேதான். எத்தனையோ வேளை அதேதான்.

சின்னத்தாயி தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். "கட்டினவனப் பட்டினி போடுறியேடி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"பட்டினி போடல அண்ணி. பரிமாறித்தான் கீறேன். எட்டி எடுக்கட்டும்."

"அவன் இன்னா எலியா?"

எலிக்குக் காட்டிய மரியாதையைக்கூட இவருக்கு இத்தனை நாள் காட்டவில்லையே என்று மங்களத்துக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் அண்ணிக்கு விளங்கவா போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்ரான்னம் செய்திருந்தாள். எலுமிச்சை, மஞ்சள், தாளிப்பில் கை நிறைய வேர்க்கடலை. உத்தமனுக்கு உயிர். தட்டை வைத்தாள், சாக்ஸை மாட்டினாள், கையைத் தொடைக்குக் கீழே போட்டுக்கொண்டாள். வெகு நேரம் ஆனது. அந்த நேரம் பார்த்துச் சின்னத்தாயி உள்ளே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றை உருட்ட ஆரம்பித்தாள்.

மங்களம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி."

"கைய வுடுடி."

"அவரு எடுப்பாரு."

"எப்போ, நான் செத்தப்புறமா? பெத்தவ இருந்திருந்தா உன்ன இந்த வீட்டுப் படி ஏற வுடமாட்டா."

"இருந்திருந்தா அவங்களும் என் பக்கத்துல உக்காந்து காத்துக்கினு இருப்பாங்க."

இருவரும் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டார்கள். அவனை யாரும் பார்க்கவில்லை. "பரவால்ல" என்று ஒரு உறுமல் வந்தது. அதைத் தொடர்ந்து தட்டு பறந்தது. சுவரில் மோதி, தரையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. மஞ்சள் சோறு டிவி மேலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா" என்றாள் சின்னத்தாயி. "எவ்ளோ நொந்துபோய் கீறான் பாத்தியா? சோத்தைத் தள்ற ஆளா அவன்?"

மங்களம் சுவரைப் பார்க்கவில்லை. அவன் மடியைப் பார்த்தாள். இடது கை சாக்ஸோடு மடியில் கிடந்தது.

"அண்ணி" என்றாள். "அண்ணி, தட்டை எந்தக் கை தள்ளுச்சி?"

சின்னத்தாயி பார்த்தாள். உத்தமனும் பார்த்தான். அவன் வலது கை மடியிலிருந்து முழுக்க வெளியே வந்து, தட்டு இருந்த இடத்தையும் தாண்டி, பாயில் நீண்டு கிடந்தது. விரல்களில் மஞ்சள் ஒட்டியிருந்தது. யாருடைய கையோ வந்து தன் பக்கத்தில் கிடப்பது போல அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவால்ல" என்றான். சத்தமே இல்லாமல் சொன்னான்.

மங்களம் சுவரைத் துடைக்கவில்லை. எழுந்து போய் மூன்று தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றிலும் ஒரே அளவு சோறு, ஒரே அளவு கடலை. ஒன்றை உத்தமன் முன்னால் வைத்தாள், ஒன்றைச் சின்னத்தாயி முன்னால், ஒன்று தனக்கு. சின்னத்தாயி தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"இருங்க அண்ணி" என்றாள் மங்களம். "அந்தாண்ட இன்னும் வாய்க்குப் போகல."

சின்னத்தாயி கையை மடக்கிக்கொண்டாள். சித்ரான்னம் ஆறியது. தெருவில் தண்ணீர் லாரி வந்து போனது. மூன்று பேரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். உத்தமனின் கை தட்டுக்குள் இறங்கியது, சோற்றில் புரண்டது, நழுவியது, மறுபடி இறங்கியது. முழங்கை மெல்ல மடங்கியது. கை பாதி தூரம் மேலே வந்தது, மீதி தூரத்துக்கு அவன் குனிந்தான். விரலில் ஒட்டியிருந்த நாலு பருக்கையும் அரை வேர்க்கடலையும் அவன் வாய்க்குள் போயின. சின்னத்தாயிதான் முதலில் அழுதாள்.

மங்களம் தன் தட்டை இழுத்துக்கொண்டாள். "ம், இப்ப சாப்பிடுங்க அண்ணி" என்றாள்.